துங் வா வைத்தியசாலையும் 1896 ஆணைக்குழுவும்

ஆணைக்குழு ஒன்றின் அறிக்கை வெளியாகும்போது பத்திரிகையாளர்களாகிய நாம் முதலில் தேடுவது அதன் முடிவுகளையும் சிபாரிசுகளையுமே. ஆனால், அந்த ஆணைக்குழு ஏன் அவ்வேளையில் நியமிக்கப்பட்டது, எந்தக் கேள்விக்கு விடைகாணுமாறு பணிக்கப்பட்டது என்பவற்றை அறியாமல் எந்த அறிக்கையையும் சரிவர விளங்கிக்கொள்ள முடியாது என்பதே எனது நீண்டகால அபிப்பிராயம். ஹொங்கொங்கின் பிரிட்டிஷ் ஆளுநர் சேர் வில்லியம் ரொபின்சன் 1896 இல் நியமித்த ஓர் ஆணைக்குழுவின் கதை அதற்கு நல்லதோர் உதாரணம்.

ஹொங்கொங் தீவை பிரிட்டிஷார் கைப்பற்றிய பிறகு சீனாவின் தென்பகுதியில் இருந்து ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளர்கள் அங்கு வந்து குவிந்தனர். குடும்பமின்றித் தனியாக வந்தவர்களே அவர்களில் அநேகர். அறுவைச் சிகிச்சைக்கும் பிரேத பரிசோதனைக்கும் அஞ்சி அவர்கள் அரசாங்க வைத்தியசாலையை நாடவில்லை. ஊரைவிட்டு வந்து இறந்தவர்களின் நினைவுப் பலகைகளை வைப்பதற்கென தாய்பிங்ஷான் பகுதியில் 1851 இல் கட்டப்பட்ட ஒரு சிறு கோயிலே அவர்களின் கடைசிப் புகலிடமாகியது. 1869 இல் அங்கு சென்ற லிஸ்டர் என்ற அதிகாரி, மரணத் தறுவாயில் இருந்தவர்களும் சடலங்களும் ஒரே இடத்தில் கிடத்தப்பட்டிருக்கக் கண்டார். விடயம் பத்திரிகைகளில் வெளியாகிப் பெரும் சர்ச்சையானது.

சீனர்களுக்கென அவர்களே நடத்தும் வைத்தியசாலை ஒன்றுக்கு அன்றைய ஆளுநர் மக்டொனல் இணங்கினார். 1870 இல் சட்டம் இயற்றப்பட்டது. சூதாட்ட அனுமதிக் கட்டணங்களில் சேர்ந்திருந்த நிதியில் இருந்து 115,000 டொலர்களை அரசாங்கம் வழங்கியது. மிகுதியை சீன வணிகர்கள் திரட்டினர். துங் வா வைத்தியசாலை 1872 பெப்ரவரியில் திறக்கப்பட்டது. அங்கு அளிக்கப்பட்டது சீன வைத்தியம் மாத்திரமே.

பெயருக்குத்தான் அது வைத்தியசாலை. அதன் பணிப்பாளர்கள் வருடாவருடம் வணிகர் சங்கங்களில் இருந்து தெரிவாகும் செல்வந்தர்கள். சீனர்களின் பிணக்குகளை அவர்கள் தீர்த்துவைத்தனர். கடத்தப்பட்டவர்களை மீட்டு ஊருக்கு அனுப்பினர். கடல்கடந்த நாடுகளில் இறந்தவர்களின் எலும்புகளைச் சொந்தக் கிராமங்களுக்குச் சேர்ப்பித்தனர். 1870 களின் பிற்பகுதியில் வடசீனாவைப் பெரும் பஞ்சம் வாட்டியபோது நிவாரண நிதி திரட்டினர். அரசாங்கத்துக்குள் இன்னொரு அரசாங்கமா என்று ஐரோப்பியர் மத்தியில் முணுமுணுப்பு எழுந்ததில் ஆச்சரியமில்லை.

1894 மேயில் பிளேக் நோய் பரவியது. துங் வாவின் கட்டில்களிலேயே டாக்டர் லோசன் பிளேக் நோயாளர்களை இனங்கண்டார். அந்த ஆண்டில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் அதிகமானோர் மாண்டனர். படையினர் வீடுவீடாகப் புகுந்து தேடினர். நோயாளர்கள் துறைமுகத்தில் நின்ற ‘ஹைஜீயா’ என்ற வைத்தியசாலைக் கப்பலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். வெள்ளைக்கார வைத்தியர்கள் நோயாளர்களின் உறுப்புகளை மருந்துக்கு எடுக்கிறார்கள் என்ற வதந்தி பரவியது. பல்லாயிரக்கணக்கானோர் ஹொங்கொங்கை விட்டு வெளியேறினர். துங் வா பணிப்பாளர்கள் இருபக்கமும் இடிவாங்கினர். அரசாங்கத்தைத் தடுக்கவில்லை என்று மக்கள் குற்றஞ்சாட்டினர். நடவடிக்கைகளுக்கு இடையூறு செய்கிறார்கள் என்று அதிகாரிகள் சினந்தனர்.

இந்தப் பின்புலத்தில்தான் ஆணைக்குழு அமைந்தது. தலைவர் சீனமொழி அறிந்த அதிகாரி ஸ்ரூவர்ட் லொக்ஹார்ட். வங்கியாளர் வைற்ஹெட், கல்கத்தாவில் பிறந்த ஆர்மேனியரான வர்த்தகர் போல் சாட்டர், ஹோ காய் ஆகியோரும் உறுப்பினர்களாயினர். ஹோ காய் அபர்டீனில் வைத்தியமும் லண்டனில் சட்டமும் பயின்ற சீனர். காலஞ்சென்ற தனது ஆங்கிலேய மனைவியின் பெயரில் மேலைத்தேய முறையிலான அலிஸ் நினைவு வைத்தியசாலையை 1887 இல் நிறுவியவர்.

வைத்தியசாலை தனது ஸ்தாபக நோக்கத்தை நிறைவேற்றுகிறதா என்று ஆராய்வதே பணி. சுகாதாரக் குறைபாடுகள் மெய்யானவை. மரணத்துக்கான காரணங்கள் நம்பகமாகப் பதியப்படவில்லை என்பதும் மெய். ஆனால், அடியிலிருந்த கேள்வி வேறு. இந்த நகரின் ஏழை நோயாளி யாரை நம்பி வாசற்படி ஏறுவான்? பெரும்பான்மை உறுப்பினர்கள் வைத்தியசாலை தொடர்ந்து இயங்கவேண்டும், ஆனால் சீர்திருத்தப்படவேண்டும் என்று சிபாரிசு செய்தனர். வைற்ஹெட் இணங்காமல் கடுமையான தனி அறிக்கை எழுதினார்.

மேலைத்தேய வைத்தியம் கற்ற சீனர் ஒருவர் அங்கு நியமிக்கப்பட்டார். எந்த வைத்தியம் வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை நோயாளியிடமே விடப்பட்டது. காலப்போக்கில் மேலைத்தேய சிகிச்சையை நாடுவோர் பெருகினர். அதே வாசலில், தமது மொழி பேசுபவரின் கையால் கிடைத்ததால் மக்கள் அதை ஏற்றுக்கொண்டனர் என்றே நான் கருதுகிறேன்.

அதே 1896 இல் பிளேக் பம்பாயை எட்டியது. கப்பல் மார்க்கமாக ஹொங்கொங்கில் இருந்து அது வந்தது என்பது பொதுவான கருத்து. மறுவருடம் பூனாவில் படையினர் வீடுகளுக்குள் புகுந்து சோதனையிட்டதால் மூண்ட ஆத்திரம், பிளேக் குழுவின் தலைவர் ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டுக்கொன்றதில் போய்முடிந்தது. ஹொங்கொங்கிலும் படையினர் வீடு புகுந்தனர்தான். ஆனால், மக்கள் கோபத்தோடு சென்று முறையிடுவதற்கேனும் அங்கு ஒரு துங் வா இருந்தது.

வணிகர்கள் தங்கள் கௌரவத்துக்காகவும் அந்த ஸ்தாபனத்தைப் பயன்படுத்தினார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும், மூடிவிடுவது சுலபமாக இருந்த ஒரு தருணத்தில் அதைத் திருத்தி வைத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தது அந்த ஆணைக்குழு. விசாரிக்கப்பட்ட வைத்தியசாலை ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் இன்று இயங்கிக்கொண்டிருக்கிறது. ஓர் ஆணைக்குழுவின் சிபாரிசு கிடப்பில் போடப்படாமல் நோயாளிக்குப் பயன்பட்டது என்பதே எம்மைப் போன்றவர்களுக்கு அபூர்வமான செய்திதான்.