மூக்கறுபட்டவர்கள்

அவமானப்பட்டவனை ‘மூக்கறுபட்டான்’ என்கிறோம். 1650களின் பிற்பகுதியில், திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில், அது வெறும் சொலவடையாக இருக்கவில்லை. மதுரை நாட்டுக்குள் இறங்கிய மைசூர்ப் படை, அகப்பட்டவர்களின் மூக்கை மேலுதட்டோடு சேர்த்து அறுத்தது. ஆண், பெண், குழந்தை என்று பார்க்கவில்லை. நாயக்கர் நோயில் கிடந்தார். சேதுபதி படை திரட்டி வந்து அவர்களை விரட்டினார். பிறகு நாயக்கரின் தம்பி மைசூருக்குள் புகுந்து அதே வேலையைச் செய்தார். 1659இல் திருச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் பதிவு செய்திருப்பவர், தமிழ்–போர்த்துகீசிய அகராதி தொகுத்த சேசு சபைப் பாதிரியார் ப்ரோயென்சா.

கழுத்தை அறுக்கத் தெரிந்தவன் ஏன் மூக்கோடு நிறுத்தினான்? செத்தவனை ஊர் மறந்துவிடும். மூக்கில்லாதவன் தோல்வியை முகத்தில் சுமந்துகொண்டு தினமும் சந்தைக்குப் போகணும்.

அறுந்த மூக்கைத் திரும்ப உண்டாக்கும் வித்தையும் இந்த மண்ணில் இருந்தது. காதுமடலை ஒட்டப் பதினைந்து முறைகளையும், கன்னத்துத் தோலால் மூக்கு செய்வதையும் சுசுருத சம்ஹிதை சொல்கிறது. ஐரோப்பா கண் விழித்துப் பார்த்தது 1794இல், லண்டன் ‘ஜென்டில்மன்ஸ் மேகசின்’ கோவாஸ்ஜி என்ற மராத்திய மாட்டுவண்டிக்காரரின் படத்தை அச்சிட்டபோது. 1792 போரில் ஆங்கிலேயர் பக்கம் வேலை செய்தவர் அவர். திப்புவின் ஆட்கள் பிடித்து மூக்கையும் ஒரு கையையும் வெட்டிவிட்டார்கள்.

புனேக்குப் பக்கத்தில் அவருக்கு மூக்கு வைத்தவர் மருத்துவக் கல்லூரி எதையும் பார்த்தவரில்லை, செங்கல் அறுக்கிற சாதிக்காரர். மெழுகைத் தகடாகத் தட்டி, மூக்கின் மேல் வைத்து அளவெடுத்தார். அதை நெற்றியில் விரித்து வரைந்து, கோட்டின்படி தோலை உரித்தார். கண்களுக்கு நடுவில் ஒரு கீற்றை மட்டும் வெட்டாமல் விட்டார், ரத்தம் அந்த வழியாக ஓடணுமே! பிறகு தோலைத் திருப்பிப் பொருத்தினார். லண்டனில் ஜோசப் கார்ப்யூ இதைச் செய்துபார்த்தது 1814இல். இன்றைய பிளாஸ்டிக் சர்ஜரியின் தொடக்கத்தில் இந்தப் பெயர் தெரியாத கைவினைஞரும் நிற்கிறார்.

மூக்கு இல்லாமலும் மூச்சு விடலாம், சாப்பிடலாம். உயிர் பிழைக்க அந்த அறுவை தேவையே இல்லை. ஆனாலும், மயக்க மருந்து கிடையாத காலத்தில், நெற்றித் தோலை உரிக்கக் கொடுத்து உட்கார்ந்திருந்தார் அந்த மனிதர். அவரிடம் போய் ‘உனக்கெதுக்குய்யா அழகு?’ என்று கேட்க முடியுமா?

இன்றைக்குக் கேட்கிறோம். என் ஆபீஸில் ஒருத்தன் தலையில் முடி நட்டுக்கொண்டு வந்தான். ஒரு வாரம் அவனை வைத்து மீம்ஸ் ஓடியது. விபத்தில் சிதைந்த முகத்தைச் சரிசெய்தால் மருத்துவம், வழுக்கையைச் சரிசெய்தால் பகட்டாம். நடுவிலிருக்கும் கோட்டை மருத்துவம் போடவில்லை. பார்க்கிற நாம் போடுகிறோம், அதுவும் தலைமுறைக்கு ஒருமுறை இடம் மாற்றி.

என் அப்பத்தா ராமநாதபுரம் பக்கம். குழந்தையிலேயே காது குத்தி, குணுக்கு போட்டு, தோளைத் தொடும் அளவு வளர்த்துவிட்டிருந்தார்கள். அங்கே அதுதான் அழகு. கல்யாணமாகி அரியமங்கலம் வந்தபோது, தஞ்சாவூர் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்களாம். பாம்படத்தை விற்று வீட்டுக்கு ஓடு போட்டார்கள். தொங்கிய மடலை டாக்டரிடம் அறுத்துத் தைத்துக்கொண்டார். வீட்டில் யாரும் அதைப் பகட்டு என்று சொல்லவில்லை. அழகு சர்ஜரி என்று சொன்னால் அப்பத்தாவே சிரித்திருப்பார்.

“எல்லாரும் போல இருக்கணும்னு தோணுச்சு, அவ்வளவுதான்” என்பார். தையல் தழும்புக்கு மேலே மறுபடி குத்தி, கடுகளவு கம்மல் போட்டிருந்தார்.