வாசற்படியில் அமர்ந்தவர்கள்

ஊரிலிருந்து உறவினர் வரும்பொழுதெல்லாம் கலூரிலிருந்து பஸ் ஏறி மட்டாஞ்சேரி சென்று, அரண்மனையையும் அதனை அடுத்துள்ள யூதப்பள்ளியையும் காட்டி வருவது நம் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. 1568-ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற அப்பள்ளியின் சீனத் தளவோடுகளையும், கண்ணாடிச் சரவிளக்குகளையும், 1760-இல் எழுந்த மணிக்கூண்டையும் கண்டு வியந்து திரும்புகின்றோம். ஆனால் அப்பள்ளியின் வாசற்படிக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை அறிந்தோர் நம்மில் மிகச் சிலரே. அதனை இம்மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

யூதர் சேர நாட்டிற்கு வந்தது மிகப் பழங்காலத்தில். கி.பி. 1000-ஆம் ஆண்டையொட்டிச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்குச் செப்பேடு ஒன்று வழங்கினான். நம் பழந்தமிழ் எழுத்தாகிய வட்டெழுத்தில் பொறிக்கப்பெற்றது அது. பகல்விளக்கு, குடை, பல்லக்கு, முரசு முதலாக எழுபத்திரண்டு உரிமைகளை அது அளித்தது. வேற்றுச் சமயத்து மன்னன் ஒருவன் தன் நாட்டில் வந்து தங்கியோர்க்குக் காட்டிய பெருந்தன்மை இது.

பின்னர், 1492-இல் ஸ்பெயின் நாட்டிலிருந்து யூதர் துரத்தப்பட்டனர். அவ்வாறு துன்புற்று அலைந்தோருட் சிலரும், மேற்காசிய நாடுகளிலிருந்து வந்த வேறு சிலரும் கொச்சியில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களுக்குப் 'பரதேசி யூதர்' என்று பெயர் வழங்கிற்று. பரதேசி என்ற சொல் இன்று நம் பேச்சில் இரந்துண்போரைக் குறிப்பினும், அயல்தேசத்தார் என்பதே அதன் பொருள். அரண்மனை மதிலை ஒட்டியே அவர்களுக்கு இடம் தந்தான் கொச்சி மன்னன். முன்பே இங்கு வாழ்ந்த மலபார் யூதரும் அவர்களை ஏற்றனர்.

இவ்வாறு அடைக்கலம் பெற்றோர் செய்தது யாது? நெடுங்காலமாக இம்மண்ணில் வாழ்ந்த தம் சமயத்தாரையே குலத்தூய்மை அற்றோர் என ஒதுக்கினர். பின்வந்தோர் வெள்ளை யூதர், முன்வந்தோர் கறுப்பு யூதர் எனப்பட்டனர். ஒன்றாய் இருந்து உண்ணுதலும் இல்லை, பெண் கொடுத்தலும் கொள்ளுதலும் இல்லை. பழஞ் செப்பேடும் காலப்போக்கில் பரதேசிகளின் பள்ளியிலேயே தங்கிவிட்டது.

இவர்களினும் இழிவாக நடத்தப்பட்டோர் மற்றொரு பிரிவினர். யூதர் வீடுகளில் அடிமைகளாயிருந்து, யூத நெறியை ஏற்று, விடுதலை பெற்றோரும் அவர்தம் வழியினரும் ஆவர். 'மெஷுஹ்ராரிம்', அதாவது விடுவிக்கப்பட்டோர், என்று அவர்களை அழைத்தனர். பிரிவினைக்குச் சமய விதி இடந்தருமா என்ற வினா பதினாறாம் நூற்றாண்டிலேயே எழுந்தது. கொச்சியிலிருந்து கெய்ரோவுக்கு ஓலை சென்றது. அங்கிருந்த பேரறிஞர் தாவீது இப்னு ஸிம்ரா, முறைப்படி நீராடிச் சமயம் ஏற்றோர் முழு யூதரே என்றும், அவர்களோடு மணவுறவு கொள்ளத் தடையில்லை என்றும் தெளிவாகத் தீர்ப்பளித்தார். தீர்ப்பை நாடிப் பெற்றவர்களே அதனைப் பேணவில்லை. நூல் சொன்னதைக் காட்டிலும் தோல் சொன்னது அவர்களுக்குப் பெரிதாயிற்று.

விடுவிக்கப்பட்டோர் பரதேசிப் பள்ளியின் உட்கூடத்து இருக்கைகளில் அமரலாகாது. வெளிக்கூடத்தில், வாசலருகே, தரையிலோ படியிலோ அமர்ந்து வழிபடல் வேண்டும். திருமறைச் சுருளைப் படிக்கும் பேறு அவர்களுக்கு இல்லை. இறந்தபின் இடுகாட்டிலும் சமத்துவம் இல்லை. ஆண்டுதோறும் பஸ்காப் பண்டிகையில், தம் முன்னோர் எகிப்தில் அடிமைகளாயிருந்ததையும் இறைவன் அவர்களை மீட்டதையும் நினைவுகூர்ந்து கொண்டாடும் சமயம் அது! அவ்விடுதலையை உள்ளே போற்றியவர்கள், தாம் விடுவித்தவர்களை வாசலில் இருத்தினர். எழுபத்திரண்டு உரிமைகளை அயலான் ஒருவன் கொடுத்தான். ஓர் இருக்கையைக் கொடுக்க உடன்பிறந்த சமயத்தாருக்கு மனம் வரவில்லை.

இக்கொடுமையை எதிர்த்து நின்றவர் ஏ. பி. ஸாலேம். 1882-இல் விடுவிக்கப்பட்டோர் குடும்பமொன்றில் பிறந்த அவர், எர்ணாகுளத்தில் மகாராஜா கல்லூரியில் பயின்று, சென்னையில் சட்டம் கற்று வக்கீலானார். கொச்சிச் சட்டசபையில் 1925 முதல் உறுப்பினராய்த் தொண்டாற்றினார், தொழிலாளர்க்காக உழைத்தார், 1929-இல் லாகூர்க் காங்கிரஸுக்கும் சென்றார். சபையில் நாட்டுமக்களுக்காக எழுந்து பேசிய அவ்வறிஞர், தம் வழிபாட்டிடத்தில் வாசற்படியிலேயே அமர வேண்டியிருந்தது. சில காலம் பள்ளிக்குச் செல்வதையே அவர் நிறுத்தினார். பின்னர்க் காந்தியடிகளின் வழியைக் கைக்கொண்டு, தம் புதல்வர்களுடன் பள்ளிக்குட் சென்று, விலக்கப்பட்ட இடங்களில் அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தார். கைகலப்பின்றி, வசைமொழியின்றி, ஆண்டுக்கணக்கில் நடந்த போராட்டம் அது. 1940-களில் தடைகள் ஒவ்வொன்றாய்த் தளர்ந்தன. திருமறை படிக்கும் உரிமையும் கிடைத்தது. 'யூத காந்தி' என மக்கள் அவரைப் போற்றினர்.

எனினும் உள்ளத்துத் தடை எளிதில் அகலவில்லை. 1950-இல் அவர் மகன் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது, திருமணம் பம்பாயில் நடக்க வேண்டியதாயிற்று. ஸாலேம் 1967-இல் மறைந்தார். அதற்கு முன்பே, 1950-களில், மலபார் யூதர் பெரும்பாலோர் இஸ்ரேல் சென்றுவிட்டனர். பரதேசிகளும் பின்னர் ஒவ்வொருவராய்ப் பிரிந்தனர். முழு வழிபாடு நடத்த வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும் என்பது யூதர் விதி. 1968-இல் பிரதமர் இந்திரா காந்தி அம்மையாரின் முன்னிலையில் நானூறாம் ஆண்டு விழாக் கண்ட அப்பள்ளியில், இன்று உள்ளூராரைக் கொண்டு அப்பதின்மரைச் சேர்த்தல் அரிது. ஒருகாலத்தில் எத்தனை பதின்மரை அது வாசலில் நிறுத்தியிருந்தது!

இது பிறர் குறை என்று நாம் மகிழ்வதற்கில்லை. நம் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துக் கிறிஸ்தவக் கோயிலில், வெள்ளாளரும் நாடாரும் ஒருவரையொருவர் காணாதபடி நடுவே சுவர் நின்றது. 1910-இல் அது இடிக்கப்பட்டபோது, சுவர் வேண்டும் என்று வழக்காடியோரும் உண்டு. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் தாழ்த்தப்பட்டோரும் நாடாரும் அடியெடுத்து வைக்க 1939-ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. வைத்தியநாத ஐயர் போன்றோர் அதற்காகப் பட்ட வசவுகள் பல. எந்தச் சமயமும் இதில் மற்றொன்றை நோக்கி விரல் நீட்ட இயலாது.

பிழைப்பு நாடிக் கொச்சிக்கு வந்த நாமும் பரதேசிகளே. இம்மண் நமக்கு இடம் தந்தது. சங்கம் அமைத்து ஒரு மொழியார் என்று பெருமை கொள்கின்றோம். ஆனால் நம் குடியிருப்பில் வாடகைக்கு வீடு கேட்டுவரும் தமிழரிடம், "உங்களுக்கு எந்த ஊர்? எந்தத் தெரு?" என்று நாம் கேட்பது எதனை அறிவதற்கு? விழாப் பந்தியில் யார் அருகே யார் அமர்கின்றோம் என்பதை நம் குழந்தைகள் கவனித்துக்கொண்டுதான் இருக்கின்றனர். இக்கேள்விகளைப் பிறரிடம் கேட்குமுன் எம்மையே கேட்டுக்கொள்கின்றோம். கூசாமல் விடை கூற எம்மால் இயலவில்லை.

அடுத்த முறை உறவினரை மட்டாஞ்சேரிக்கு அழைத்துச் செல்லுங்கால், விளக்குகளைக் காட்டுமுன் அவ்வாசலில் சற்றே நின்று, ஸாலேமின் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்வோமாக. நம் சங்கத்தின் வாசலில் எவரும் அமர்த்தப்படாதிருக்க அது துணை செய்யும்.