ஈர் (ஸ்பானிய வினைச்சொல்)

ஈர் என்பது ஸ்பானிய மொழியில் ‘போ’ என்னும் பொருளுடைய வினைச்சொல். பேச்சில் ஓயாமல் வரும். ஆனால் வாய்பாட்டுக்கு அடங்காது. ‘போகிறேன்’ என்பதற்கு வோய், ‘போய்க்கொண்டிருந்தேன்’ என்பதற்கு ஈபா, ‘போனேன்’ என்பதற்கு ஃபுயி. ஒன்றுக்கொன்று ஒட்டுறவே இல்லாதவை போலத் தோன்றும்.

மூன்று லத்தீன் வினைகள் இதில் கலந்திருப்பதே காரணம். ஈபாவும் எதிர்கால வடிவங்களும் ‘போ’ என்னும் பொருளுடைய ‘ஈரே’யின் வழிவந்தவை. அதன் நிகழ்கால வடிவங்கள் மிகக் குறுகியவை. பேச்சு லத்தீனில் நிலைக்கவில்லை. அந்த இடத்தை ‘வாதெரே’ என்னும் வேறொரு வினை பிடித்துக்கொண்டது. வோய், வாஸ், வா அதன் வாரிசுகள். பழங்காஸ்திலிய மொழியில் வோய் வெறும் ‘வோ’வாகவே இருந்தது. ‘அங்கே’ என்று பொருள்படும் பழஞ்சொல் ‘இ’ பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்பது ஒரு விளக்கம்.

ஃபுயி என்னும் இறந்தகாலம் இன்னும் சுவையானது. அது ‘இரு’ என்னும் பொருளுடைய மூன்றாவது லத்தீன் வினையிடமிருந்து வாங்கியது. ஓரிடத்தில் இருந்துவிட்டு வந்தவர் அங்கே போனவர்தானே! அதனால் ‘ஃபுவே மேதிகோ’ என்றால் அவர் மருத்துவராக இருந்தார். ‘ஃபுவே ஆ மாத்ரித்’ என்றால் மாத்ரிதுக்குப் போனார். நடுவில் வரும் ‘ஆ’ பொருளைக் காட்டிக்கொடுக்கிறது. போர்த்துகீசியத்திலும் இதே நிலைதான்.

எதிர்காலத்தைச் சொல்லவும் இவ்வினை உதவுகிறது. ‘வா ஆ யோவேர்’ என்றால் மழை பெய்யப் போகிறது. தமிழிலும் ‘போ’ இதே வேலையைச் செய்வதால் தமிழர்க்கு இது எளிது. தடுமாற்றம் வேறோரிடத்தில். வாசலில் யாராவது கூப்பிட்டால் நாம் ‘இதோ வர்றேன்’ என்போம். ஸ்பானியர் ‘யா வோய்’, அதாவது ‘இதோ போகிறேன்’ என்பார். பேசுபவர் நிற்கும் இடத்தை நோக்கி வருவதற்கு மட்டுமே அங்கே ‘வெனீர்’, அதாவது ‘வா’. பயில்வோர் முதலில் பழகவேண்டியது இதைத்தான்.

ஏவல் வடிவங்கள் நாட்டுக்கு நாடு மாறும். ஸ்பெயினில் பலரை நோக்கிப் ‘போய்விடுங்கள்’ என்பதற்கு ‘ஈதோஸ்’ மட்டுமே சரி என்றிருந்தது; மக்கள் வாயில் புழங்கிய ‘ஈரோஸ்’ வடிவத்தையும் அரச ஸ்பானிய அகாதெமி 2017இல் ஏற்றுக்கொண்டது. அர்ஜென்டினாவில் ஒருவரைப் ‘போ’ என்று சொல்ல, ‘நட’ என்னும் வினையிலிருந்து வந்த ‘அந்தா’ வழங்குகிறது.