முந்திரிக்கொட்டையும் சிப்பாய் சட்டையும்

கடலூர், சிதம்பரம் பக்கம் கோடை லீவுல முந்திரிக்கொட்டை சுடாத பசங்க கம்மி. ரெண்டு நாள் கழிச்சு விரல், உதடெல்லாம் கொப்புளம். பெரியவங்க "சூடு"ன்னு முடிச்சிடுவாங்க. சூடு இல்லீங்க, ஓட்டுல இருக்குற எண்ணெய்தான் காரணம்.

முந்திரி 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம். அதன் பங்காளி சேராங்கொட்டையோ நம்ம ஊர்க்காரன் :-) சலவைத் தொழிலாளர்கள் துணிக்குக் குறிபோட்ட மை அது. இரண்டாம் உலகப்போரில் இந்தியா வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கழுத்தில் அரிச்சுப் புண்ணானப்போ, டாக்டர்கள் பிடிச்ச குற்றவாளி சட்டையிலிருந்த அந்தக் குறிதான். மாங்காய்ப் பாலும் இதே குடும்பம்.

இந்த ஒவ்வாமை பலருக்கு முதல் தடவை தெரியாது. தோல் ஞாபகம் வச்சிருந்து அடுத்த வருஷம் காட்டும். பண்ருட்டிப் பக்கம் கொட்டை உடைக்கிறவங்க கையில் எண்ணெயோ சாம்பலோ பூசிக்கிறது சும்மா இல்லை. பிள்ளைங்களைப் பச்சைக்கொட்டையைக் கடிக்க விடாதீங்க. பட்டுட்டா, கண்ணைக் கசக்குறதுக்கு முன்னாடி சோப்பு போட்டுக் கழுவிடுங்க.