தாயும் சேயும்: ஓவியத்தில் ஒளி

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் இருப்புப்பாதையில் முதலமடை என்னும் ஊர் இருக்கிறது. மாந்தோப்புகள் சூழ்ந்த இவ்வெல்லையூர் 1956-இல் பிறந்த கேரள மாநிலத்தைச் சேர்ந்ததாயினும், இங்கே தமிழ் பேசும் இல்லங்கள் பல. அந்தி வேளையில் யசோதையும் கண்ணனும் உள்ள படத்தின்முன் விளக்கேற்றுகிறோம். படம் உயிர்பெற்றதுபோல் தோன்றுகிறது. அவ்வொளி விளக்கினுடையதா, ஓவியத்தினுடையதா? இவ்வினாவுக்குக் கலை வரலாறு இரு விடைகளைத் தருகின்றது.

முதல் விடை ஐரோப்பாவினுடையது. திருவுருவங்கள் மக்களுக்குச் சமயத்தைப் போதிக்கவேண்டும் என்று டிரென்ட் நகரில் கூடிய கத்தோலிக்கத் திருச்சபைச் சங்கம் 1563-இல் விதித்தது. அதன்பின் தழைத்த கலைநெறியே பரோக் எனப்படுவது. அந்நெறியினரான கரவாஜ்ஜோ, 1604-க்கும் 1606-க்கும் இடையில் உரோமாபுரியின் புனித அகுஸ்தீனார் கோயிலுக்கு ஓர் ஓவியம் தீட்டினார். காரை உதிர்ந்த சுவருடைய வீட்டு வாயிலில் மரியாள் குழந்தையை ஏந்தி வெறுங்காலுடன் நிற்கிறாள். எதிரே முழந்தாளிட்ட ஏழை யாத்திரிகனின் பாதங்களில் வழிநடைப் புழுதி படிந்துள்ளது. இருளைக் கிழித்து வரும் ஒளி, தாய், சேய், யாத்திரிகர் எல்லார்மேலும் விழுகிறது. இருள் உலக வாழ்வுக்கும் ஒளி இறையருளுக்கும் குறியீடாகின்றன. பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் த லா தூர் இன்னும் எளிய வழி கண்டார். அவருடைய ஓவியமொன்றில் ஒரு பெண் மெழுகுவத்திச் சுடரைக் கையால் மறைக்கிறாள். குழந்தையின் முகமே விளக்காகிறது.

இரண்டாம் விடை தஞ்சையினுடையது. மராட்டிய மன்னர் ஆட்சியில், சிறப்பாக இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்தில் வளர்ந்த தஞ்சை ஓவியத்தில் நிழலுக்குப் பெரிதும் இடமில்லை. பலகைமேல் துணி ஒட்டிச் சுண்ணப் பசையால் புடைப்பெழுப்பித் தங்க ரேக்குப் பதிப்பார்கள். பகலில் அடங்கியிருக்கும் பொன், நாம் ஏற்றும் சுடர் பட்டதும் ஒளிர்கின்றது. பரோக் ஓவியர் ஒளியை வண்ணத்திலேயே தீட்டி முடித்தார். தஞ்சை ஓவியரோ அதன் ஒரு பங்கை வழிபடுவோர் கையில் விட்டுவைத்தார்.

இவ்விரு நெறிகளுக்கும் இடையே பாலம் அமைத்தவர்களுள் தலையாயவர் கிளிமானூர் இரவிவர்மா (1848–1906). எண்ணெய் வண்ணத்தையும் ஐரோப்பிய ஒளிநிழல் முறையையும் நம் புராண மாந்தர்க்கு அவர் பயன்படுத்தினார். 1894-இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் எளியோர் இல்லங்களையும் அடைந்தன. அவ்வழி வந்த யசோதையின் கன்னத்தில் மெல்லிய நிழல் விழுந்திருக்கும். அது ஐரோப்பா தந்தது. அப்படத்தின்முன் விளக்கு வைக்கும் வழக்கமோ நம்முடையது. வெளிமாநிலங்களில் வாழும் நம் நேயர்கள் இன்றிரவு விளக்கேற்றும்போது அந்நிழலையும் சற்றே உற்று நோக்குவார்களாக.