பட்டியலும் உடைமையும்: வீடியோ விளையாட்டுத் தொகுப்பாளரின் உழைப்புப் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நூற்பட்டியல், சுவடிப்பட்டியல் முதலியன பற்றித் தமிழிலே ஓரளவு ஆராய்ச்சி நிகழ்ந்துள்ளது. எனினும் அவை யாருடைய உழைப்பால் உருவாயின, பின்னர் யாருடைய உடைமையாயின என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்பட்டுள்ளன. இணையத்திலே வீடியோ விளையாட்டுத் தொகுப்புக்களுக்குப் பட்டியல் எழுதுவோரின் வரலாறு இவ்வினாக்களைத் தெளிவாக முன்வைக்கின்றது. விளையாட்டு ஆராய்ச்சிக்குரிய பொருளன்று எனக் கருதும் புலமை மரபொன்று நம்மிடையே உண்டு. நாட்டார் பாடலையும் நாவலையும் ஒரு காலத்திலே புறந்தள்ளிய மரபும் அதுவே.

கண்டியிலிருந்தே தொடங்கலாம். 1844ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜோன் மர்டொக், கண்டியில் இருந்த அரசாங்க மத்திய பாடசாலைக்குத் தலைமையாசிரியராக வந்தார். சில ஆண்டுகளில் அரச சேவையைத் துறந்து சமய வெளியீட்டுப் பணியில் ஈடுபட்ட அவர், 1865இல் சென்னையில் இருந்து வெளியிட்ட தமிழ் அச்சுநூற்பட்டியல் இன்றும் ஆய்வாளரின் கைநூலாக உள்ளது. அவர் கண்டியில் வாழ்ந்த அதே ஆண்டுகளில், மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வழியாகக் கோப்பித் தோட்டங்களுக்கு ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் கால்நடையாக வந்துகொண்டிருந்தனர். அவர்களின் பாடல்கள் மர்டொக்கின் பட்டியலில் இடம்பெறவில்லை. அச்சேறாதவை அச்சுநூற்பட்டியலில் இராமை இயல்பே. ஆனால் எதை வகைப்படுத்தத்தக்க பொருளாகக் கொள்வது என்னும் முடிவு பட்டியல் தொடங்குமுன்னரே எடுக்கப்பட்டுவிடுகின்றது என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது. அப்பாடல்களின் ஒரு பகுதி சி. வி. வேலுப்பிள்ளையின் தொகுப்பாக நூலுருப் பெற 1983 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மர்டொக்கின் பட்டியல் மதப் பணிக்கு வழிகாட்டியாக எழுந்தது. அடுத்து வந்தது அரசின் பட்டியல். இந்தியாவில் 1867ஆம் ஆண்டுச் சட்டமும் இலங்கையில் 1885ஆம் ஆண்டு அச்சகத்தார், வெளியீட்டாளர் கட்டளைச் சட்டமும் அச்சாகும் நூல்களைப் பதிவுசெய்யக் கட்டாயப்படுத்தின. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின் சுதேச மொழிகளில் என்ன எழுதப்படுகின்றது என்பதை அறியும் அச்சம் கலந்த தேவை ஆட்சியாளருக்கு இருந்தது. ஆராய்ச்சியாளர் அப்பதிவேடுகளாற் பயன்பெறுவது வரலாற்றின் முரண்நகை.

இணையப் பட்டியல்களின் தோற்றம் இவற்றினின்றும் வேறானது. இங்கே மதபீடமும் இல்லை, அரசும் இல்லை. தொடக்கத்திலே முதலாளியும் இல்லை. 1990இல் திரைப்பட ஆர்வலர் தம்முட் பகிர்ந்துகொண்ட நடிகர், நெறியாளர் பட்டியல்களே ஐ.எம்.டி.பி. ஆக வளர்ந்தன. 1993 அளவில் இசைத்தட்டுப் பாடல்களின் பெயர்களைத் திரட்டும் சி.டி.டி.பி. தோன்றியது. இறுவட்டைக் கணினியில் இட்டவர், பாடற்பெயர்களைத் தாமே தட்டச்சுச் செய்து பொதுவுக்கு அனுப்பினர். இவ்வழியிலே 1999 மார்ச்சு மாதத்தில் அமெரிக்காவில் ஜிம் லெனார்ட், பிரையன் ஹேர்ட் ஆகியோர் மோபிகேம்ஸ் என்னும் வீடியோ விளையாட்டுப் பட்டியலை ஆரம்பித்தனர். விளையாட்டின் பெயர், வெளியீட்டாளர், ஆண்டு, இயங்கும் பொறி, உருவாக்கத்திற் பங்குகொண்டோர் எனப் பல கூறுகளை ஊதியமின்றி எழுதியோர் அதன் வாசகரே. தொகுப்பாளர் பலர் தம் வீட்டு அலுமாரியில் உள்ளவற்றையும் இத்தகைய தளங்களில் ஒழுங்குபடுத்திக்கொண்டனர். நிறுவனங்கள் விளம்பரப்படுத்தாத நிரலாளர், ஓவியர், இசையமைப்பாளர் ஆகியோரின் பெயர்களை விளையாட்டின் இறுதித் திரையிலிருந்து ஒவ்வொன்றாக எழுதியெடுத்து வைத்தமை இவ்வார்வலரின் பெரும் சாதனை எனலாம். ஒருவகையிற் பார்த்தால், மறைக்கப்பட்ட உழைப்பை மற்றொரு மறைந்த உழைப்பு வெளிக்கொணர்ந்தது.

பின்னர் நிகழ்ந்தது யாது? ஐ.எம்.டி.பி.யை அமேசன் 1998இல் வாங்கியது. சி.டி.டி.பி.யும் அதே ஆண்டு கைமாறியது. அது கிரேஸ்நோட் என்னும் வணிகச் சேவையாயிற்று. 2008இல் சோனி நிறுவனம் அதனை 26 கோடி டொலருக்கு வாங்க உடன்பட்டது. மோபிகேம்ஸ் 2010இல் கேம்ஃபிளை நிறுவனத்திடம் சென்றது. 2013இல் அந்நிறுவனம் தளத்தை மாற்றியமைத்தபோது, நீண்டகாலம் உழைத்த பங்களிப்பாளரிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. அவ்வாண்டின் இறுதியில் மீண்டும் கைமாறிய தளம், 2022 மார்ச்சில் 15 இலட்சம் டொலருக்கு அட்டாரியின் உடைமையாயிற்று. விளையாட்டுக்களை விற்ற நிறுவனமே அவ்விளையாட்டுக்களின் வரலாற்றுப் பதிவேட்டையும் வாங்கிக்கொண்டது. பெயர்களைத் தட்டச்சுச் செய்தோருக்கு இவ்விற்பனைகளிற் பங்கு இருக்கவில்லை.

சட்டம் இவ்விடத்திலே என்ன சொல்கின்றது என்பது சுவையானது. 1991இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம், தொலைபேசி விபரக்கொத்து ஒன்றைப் பற்றிய ஃபைஸ்ட் வழக்கிலே, வெறும் தகவல்களுக்குப் பதிப்புரிமை இல்லை என்றும், திரட்டியோர் சிந்திய நெற்றி வியர்வை மட்டும் அவ்வுரிமையைத் தராது என்றும் தீர்த்தது. 1996ஆம் ஆண்டு ஐரோப்பியப் பணிப்புரையோ, தரவுத்தளத்தில் கணிசமான முதலீடு செய்தவருக்கு 15 ஆண்டு உரிமை அளித்தது. ஒன்று உழைப்பைக் கணக்கிலெடுக்கவில்லை. மற்றது முதலீட்டைக் கணக்கிலெடுத்தது. முதலாவதைக் குறைகூறுவதற்கில்லை. தகவல் தனியுடைமையாகாது என்பது முற்போக்காளரும் ஏற்கும் முடிவே. ஆனால் நடைமுறையிலே பொதுத்தகவல் தங்கியிருக்கும் வழங்கி, தளத்தின் பெயர், பயன்பாட்டு நிபந்தனை ஆகியன தனியுடைமையாக இருக்கும்வரை அத்தகவலின் பொதுமை பெயரளவினதே. சி.டி.டி.பி. வணிகமயமானதற்கு எதிர்வினையாகவே 2000 அளவில் மியூசிக்பிரெயின்ஸ் போன்ற திறந்த பட்டியல்கள் தோன்றின.

பட்டியல் ஏன் இத்துணை முக்கியம்? ஐக்கிய அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுக்களில் 87 சதவீதமானவை சந்தையிற் கிடைப்பதில்லை என வீடியோ விளையாட்டு வரலாற்று மன்றம் 2023இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நூலகங்கள் அவற்றை ஆய்வாளருக்குத் தொலைவிலிருந்து பயன்படுத்தக் கொடுக்கலாம் என்னும் விலக்கினை 2024 அக்டோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்தது. பொருள் கிடையாதபோது பட்டியலே எஞ்சும் சான்று.

நமது சூழலில் இன்னொரு சிக்கல் உண்டு. இப்பட்டியல்கள் விளையாட்டை வெளியீட்டுப் பிரதேசத்தின்படி வகுப்பன: ஜப்பான், வட அமெரிக்கா, ஐரோப்பா. நின்டென்டோ 1983இல் வெளியிட்ட ஃபமிகொம் பொறி தென்னாசியாவிற் பெரும்பாலும் அதன் மலிவான நகல்களாகவே வீடுகளுக்கு வந்தது. ஒரே கசெட்டில் நூற்றுக்கணக்கில் விளையாட்டுக்கள் இருப்பதாக அட்டை கூறும். திறந்தால் பத்தோ இருபதோ வெவ்வேறு பெயர்களிலே திரும்பத் திரும்ப வரும். அதன்பின் வந்தவை நகலெடுத்த இறுவட்டுக்கள். கண்டியிலே ஒருவர் தம் சேகரிப்பை உள்ளவாறே பதிய முற்பட்டால், அதிற் பெரும்பகுதிக்கு உலகப் பட்டியலில் உரிய இடம் இராது. உரிமம் பெறாதவை என்னும் ஓரத்துப் பகுதிக்கே அவை போய்ச்சேரும். ஏழை நாட்டுச் சிறுவர் உண்மையில் எதை விளையாடினர் என்பது அதனால் மறைகின்றது. இந்நகல்களைத் திருட்டு என்று ஒதுக்குவது சட்டத்துக்குப் போதுமானதாகலாம், வரலாற்றுக்குப் போதாது.

ஈழத்துத் தமிழ்நூல்களைப் பொறுத்தவரை இத்தகைய வெறுமையை நிரப்பியவர்கள் தனியாட்களும் தன்னார்வலருமே. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபின், எதை இழந்தோம் என்று கணக்கிடுவதே ஒரு பணியாயிற்று. என். செல்வராஜாவின் நூல்தேட்டம் 2002 முதல் தொகுதிக்கு ஆயிரம் நூல்களாக வெளிவந்துள்ளது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் நூல், சஞ்சிகை, பத்திரிகை ஆகியவற்றைப் பட்டியலிட்டு மின்வடிவில் எவருக்கும் இலவசமாகத் திறந்துவைத்துள்ளது. நன்கொடையில் தங்கியிருத்தல் அதன் பலவீனம். விற்பனைக்குரிய பண்டமாகாமை அதன் பலம். அங்கே துண்டுப்பிரசுரமும் பாடசாலை மலரும் பெருநூலும் ஒரே வரிசையில் நிற்பதை மர்டொக் ஏற்றிருப்பாரோ தெரியாது.

விளையாட்டுக்கும் அத்தகைய பட்டியலொன்று இங்கே எழுதப்படலாம். அதிலே வெளியீட்டாளர் பெயரினும், வாங்கிய ஊர், ஆண்டு, விலை, அட்டை கூறிய எண்ணிக்கை, உள்ளே உண்மையில் இருந்த எண்ணிக்கை, அயலாருடன் மாற்றிக்கொண்ட விபரம் ஆகியவையே முதன்மை பெறவேண்டும். பதிவிறுவட்டின் சாயப்படலம் காலப்போக்கிற் சிதைவது. மலைநாட்டு ஈரலிப்பில் அது விரைவாகவே நிகழக்கூடும்.