காஃப் கிரீக் கீழருவித் தடம்

காஃப் கிரீக் கீழருவித் தடம், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், எஸ்கலான்டே, போல்டர் ஆகிய ஊர்களுக்கிடையே 12ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து தொடங்கும் மலையிடுக்கு நடைபாதை. ஒரு வழித் தொலைவு ஏறத்தாழ 5 கி.மீ. செங்குத்தான ஏற்றம் குறைவு. ஆயினும் ஆழ்மணல் நடையைத் தாமதப்படுத்துகிறது. கோடையில் குடிநீரைச் சுமந்து செல்வது இன்றியமையாதது.

இருபுறச் சுவர்களும் ஜுராசிக் காலப் பாலைவன மணல்மேடுகள் இறுகி உருவான நவஹோ மணற்கல். அப்பாறையில் ஊறும் நிலத்தடி நீர் ஊற்றுகளாகக் கசிவதால், வறண்ட நிலத்திலும் காஃப் கிரீக் ஓடை ஆண்டு முழுதும் வற்றுவதில்லை. பீவர்கள் கட்டிய அணைக்குட்டைகளும் டிரவுட் மீன்களும் இங்குண்டு. முடிவில் 38 மீட்டர் உயர அருவி, பாசி படர்ந்த பாறைமுகத்தில் வீழ்ந்து குளமாகிறது.

தடத்தின் தனிச்சிறப்பு தொல்லியல் சான்றுகளே. பண்டைய ஃப்ரீமான்ட் பண்பாட்டினர் பாறை விளிம்புகளில் கட்டிய தானியக் குதிர்களும், எதிர்ச்சுவரில் செந்நிறத்தில் தீட்டிய மூன்று பெரிய மனித உருவங்களும் தடத்திலிருந்தே தெரிகின்றன. கைபட்டால் நிறமி சிதையும். தொலைவிலிருந்து காண்பதே முறை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்விடுக்கு இயற்கைக் கால்நடைப் பட்டியாகப் பயன்பட்டது. 1996இல் அறிவிக்கப்பட்ட கிராண்ட் ஸ்டேர்கேஸ்–எஸ்கலான்டே தேசிய நினைவுச்சின்னத்துள் அடங்கும் இப்பகுதியை நில மேலாண்மைப் பணியகம் நிருவகிக்கிறது.